காற்றுச் சுரங்கம்

மேகமற்ற இரவில் வானத்தை நோக்கிக் கொண்டிருப்போர், விண்மீன் ஒன்று திடீரென்று ஒளிக்கோடு இழுத்து மறைவதைக் காண்பதுண்டு. அதனை எரிமீன் என்றும், வீழ்மீன் என்றும் மக்கள் வழங்குவர். சங்க காலத்தில் கூடலூர் கிழார் என்னும் புலவர், வானத்திலிருந்து மீன் ஒன்று எரிந்து வீழ்ந்ததைக் கண்டு, தம் அரசனுக்கு யாது தீங்கு நேருமோ என்று அஞ்சினார். அவ்வச்சத்தைக் கூறும் அவரது பாட்டுப் புறநானூற்றில் உள்ளது. உண்மையில் அவ்வாறு வீழ்வது விண்மீன் அன்று. பெரும்பாலும் மணலளவோ பயற்றளவோ உள்ள ஒரு சிறு கல்லேயாகும். விண்வெளியில் நெடுங்காலம் தீங்கின்றித் திரிந்த அக்கல், நம் காற்று மண்டலத்துள் நுழைந்த சில நொடிகளில் எரிந்து நீறாகின்றது.

விண்வெளிக்குச் சென்ற மனிதரும் இவ்வழியே தான் வீடு திரும்ப வேண்டும். வேறு வாயில் இல்லை. 1984-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் இராகேஷ் சர்மாவும், 2025-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் சுபான்ஷு சுக்லாவும் இவ்வெரி வாயிலைக் கடந்தே மண்ணுலகை அடைந்தனர். கல்லை எரித்த காற்று அவர்களை எரிக்காமல் விட்டது எவ்வாறு? அவர்கள் அமர்ந்து வந்த கலங்களின் வடிவமும், அவற்றின் மேல் போர்த்திய கவசமும், நிலத்தின் மேல் பன்முறை சோதித்து அறியப்பட்டவை. அச்சோதனைகளுள் தலையானது காற்றுச் சுரங்கச் சோதனை. அதனைப் பற்றியே இப்பாடத்தில் காண்போம்.

முதலில் அந்த வெப்பம் எங்கிருந்து வருகின்றது என்பதை அறிதல் வேண்டும். பூமியை அணுக்கமாகச் சுற்றி வரும் ஒரு கலம் நொடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் செல்கின்றது. இவ்வேகத்தில் செல்வோர்க்குத் திருவில்லிபுத்தூரிலிருந்து இராசபாளையம் சேர இரண்டு நொடி மிகுதி. மதுரையிலிருந்து சென்னை சேர ஒரு நிமிடம் போதும். இத்துணை வேகமாய்ச் செல்லும் பொருளின் ஒவ்வொரு கிலோகிராமும் மூன்று கோடி ஜூல் அளவான இயக்க ஆற்றலைத் தன்னுள் கொண்டிருக்கும். இவ்வாற்றல் முழுவதும் வெப்பமாய் மாறினால், பன்னிரண்டு கிலோகிராம் நீரைக் கொதிக்கவைத்து ஒரு துளியும் எஞ்சாமல் ஆவியாக்கிவிடலாம். கலம் தரையில் வந்து நிற்க வேண்டுமாயின், இவ்வாற்றலை எங்கேனும் இறக்கிவைத்தாக வேண்டும். காற்றன்றி அதற்கு வேறு இடமில்லை.

உராய்வினால் தான் இவ்வெப்பம் தோன்றுகின்றது என்று பலரும் எண்ணுகின்றனர். உராய்வுக்கும் இதில் பங்கு உண்டு. ஆயினும் பெரும்பங்கு காற்று நெருக்குண்பதனால் விளைவதே. மிதிவண்டிச் சக்கரத்திற்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தவர்க்கு இது எளிதில் விளங்கும். பம்பினுள் அடைபட்ட காற்று அமுக்கப்படுவதால் சூடேறுகின்றது. வான்கலத்தின் முன்னுள்ள காற்றோ, விலகி ஓடுவதற்கு நேரமின்றிக் கலத்தின் முகத்தெதிரே சுவர் போலக் குவிந்து நெருக்குண்கின்றது. விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தில் 1970-ஆம் ஆண்டு அரசு சிமெண்ட் ஆலை ஒன்று தொடங்கப்பெற்றது. சுண்ணாம்புக் கல்லும் களிமண்ணும் சேர்ந்து சிமெண்டுக் கட்டியாக உருவெடுப்பதற்குச் சூளையில் ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அச்சூளையின் அருகே நிற்பதும் அரிது. திரும்பி வரும் கலத்தின் முன் நெருக்குண்ட காற்றோ 6,000 டிகிரியையும் எட்டக்கூடும். சூரியனின் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 5,500 டிகிரி என்பதை நினைவிற் கொள்க. அவ்வெப்பத்தில் காற்று வெறுங்காற்றாக இராது. இரண்டிரண்டாய் இணைந்திருந்த பிராணவாயு அணுக்கள் பிரிந்துபோம். நைட்ரஜன் அணுக்களும் பிரியத் தொடங்கும். சில அணுக்கள் மின்னேற்றமும் பெறும். மின்னேற்றம் பெற்ற அக்காற்றுப் படலம் கலத்தைச் சூழ்ந்துகொள்வதால், சில நிமிடங்கள் வானொலிச் செய்திகூடக் கலத்தை அடையாமல் தடைப்படுவதுண்டு.

இத்தகைய நெருப்பினுள் மனிதரை அனுப்புமுன், அதனைச் சிறிதளவேனும் நிலத்தில் உண்டாக்கிப் பார்க்க வேண்டாவா? அதற்கென எழுந்ததே காற்றுச் சுரங்கம்.

சுரங்கம் என்றவுடன் மண்ணைக் குடைந்து செய்த வழி என்று எண்ணற்க. காற்றை ஒரே சீராக ஓட்டுவதற்கு அமைத்த பெரிய குழாயே அது. காற்றசைவு இல்லாத நாளிலும், மிதிவண்டியில் விரைந்து செல்வோன் முகத்தில் காற்று மோதுகின்றது. அவன் அசையாது நிற்க, அதே வேகத்தில் காற்று அவன்மேல் வீசினும் மோதல் ஒன்றே. ஆகவே பறக்கும் பொருளை ஓரிடத்தில் நிறுத்திவைத்துக் காற்றை அதன்மேல் ஓட்டினால், பறக்கும்போது நிகழ்வனவற்றை அருகிலிருந்தே ஆராயலாம். 1871-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிரான்சிஸ் வென்ஹாம் என்பார் முதற் காற்றுச் சுரங்கத்தை அமைத்தார். விமானம் கண்ட ரைட் சகோதரர், 1901-ஆம் ஆண்டில் ஆறடி நீளமுள்ள மரப்பெட்டி ஒன்றைச் செய்து, அதன் ஒரு முனையில் விசிறி பொருத்தி, ஏறத்தாழ இருநூறு சிறகு வடிவங்களைச் சோதித்தனர். அவர்கள் பறந்ததற்கு அவர்தம் துணிவையே பலரும் காரணமாகக் கூறுவர். அம்மரப்பெட்டியையும் உடன் கூறுவதே நேர்மை.

ரைட் சகோதரரின் பெட்டியில் வீசிய காற்று ஒரு புயற்காற்றின் வேகத்தையும் எட்டவில்லை. நமக்கு வேண்டுவதோ ஒலியையும் பின்னே தள்ளி ஓடும் காற்று. தரைக்கருகில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். ஒரு பொருளின் வேகம் ஒலியின் வேகத்தைப் போல எத்தனை மடங்கு என்பதைக் காட்டும் எண்ணுக்கு, எர்ன்ஸ்ட் மாக் என்னும் ஆஸ்திரிய அறிஞரின் பெயரால் மாக் எண் என்று பெயர். இவ்வெண் ஒன்றுக்கு மேற்பட்டால் சூப்பர்சானிக் வேகம் என்பர்; ஐந்துக்கு மேற்பட்டால் ஹைப்பர்சானிக் வேகம் என்பர். விண்ணிலிருந்து மீளும் கலம் காற்று மண்டலத்தில் நுழையும்போது அதன் மாக் எண் 25-ஐ ஒட்டியிருக்கும். தென்றல், வாடை, கொண்டல், கோடை எனத் திசைக்கொரு பெயரிட்டு வழங்கிய நம் முன்னோர், இப்படியும் ஒரு காற்று உண்டு எனக் கனவிலும் கருதியிரார்.

பெரியதொரு விசிறியைச் சுழற்றினால் இவ்வேகம் கிட்டாதோ எனின், கிட்டாது. குழாயின் வாயை விரலால் சிறிது அடைத்தால் நீர் விரைந்து பாய்வதை யாவரும் அறிவோம். காற்றும் ஒலியின் வேகத்தை எட்டும் வரை அவ்வாறே குறுகிய வழியில் விரைகின்றது. ஒலியின் வேகத்தை எட்டியபின் அதன் இயல்பு தலைகீழாக மாறிவிடுகின்றது. அதற்குமேல் விரைய வேண்டுமாயின், வழி குறுகாமல் விரிந்துகொண்டே செல்லுதல் வேண்டும். ஆகவே முதலில் குறுகிப் பின்னர் நாகசுரத்தின் அடிப்பகுதி போல விரியும் கூம்புக் குழாய் ஒன்று இதற்கு வேண்டும். சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில், சுவீடன் நாட்டுக் குஸ்தாவ் டி லவால் என்பார் நீராவிப் பொறிக்கெனக் கண்ட அமைப்பே இது. விரிவு எவ்வளவு வேண்டும் என்பதையும் கணக்கிடலாம். குழாயின் வாய் ஒரு மீட்டர் விட்டம் உடையதாய், வெளிவரும் காற்று ஒலியைப் போலப் பத்து மடங்கு வேகம் உடையதாய் இருக்க வேண்டுமாயின், குறுகிய தொண்டையின் விட்டம் நான்கு சென்டிமீட்டருக்குச் சற்றே மிகுந்திருக்கும். ஒரு பையன் தன் விரல்களை வளைத்துக் காட்டும் சிறு வட்டத்தின் வழியே வந்த காற்று, ஓர் ஆள் குனிந்து நுழையத்தக்க வாயை நிரப்புகின்றது.

இங்கே ஒரு வியப்புத் தோன்றுகின்றது. நெருப்பை ஆராயப் புகுந்தவர்கள் முதலில் போராட வேண்டியது கடுங்குளிரோடு! காற்று தன் வேகத்திற்கு வேண்டிய ஆற்றலைத் தன்னிடமுள்ள வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்கின்றது. வேகம் ஏற ஏற அது குளிர்ந்துகொண்டே போகும். 30 டிகிரி வெப்பமுள்ள அறைக் காற்றை ஒலியைப் போல ஆறு மடங்கு வேகத்திற்கு விரியச் செய்தால், அதன் வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழ் 236 டிகிரிக்கு இறங்கிவிடும். அதற்குள் காற்றே நீர்த்துளியாகவும் பனித்துகளாகவும் மாறத் தொடங்கும். காற்றைச் சோதிக்கப் போய்ப் பனிமழையைச் சோதித்த கதையாய் முடியும். இதனைத் தவிர்ப்பதற்காகக் காற்றை முன்னரே நன்கு காய்ச்சி அனுப்புகின்றனர். மின்சாரத்தால் காய்ச்சுவதுண்டு, பீங்கான் போன்ற உருண்டைக் கற்களை ஒரு கொப்பரையில் நிரப்பி, அவற்றைப் பழுக்கக் காய்ச்சி, அவற்றின் ஊடே காற்றைச் செலுத்துவதும் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தையும் முன்பே நீக்கிவிடுவர். இல்லையேல் அதுவும் பனியாய் உறைந்து சோதனையைக் கெடுக்கும்.

மற்றொரு தொல்லை அழுத்தத்தைப் பற்றியது. பத்து மடங்கு வேகத்திற்கு விரிந்த காற்றின் அழுத்தம், புறப்பட்ட இடத்து அழுத்தத்தில் ஏறத்தாழ நாற்பத்திரண்டாயிரத்தில் ஒரு பங்காய்க் குறைந்துவிடும். இவ்வளவு மெலிந்த காற்று வெளியேறுவதற்குச் சாதாரண வெளி இடங்கொடாது. வெளிக்காற்றே அதனைப் பின்னுக்குத் தள்ளிவிடும். ஆகவே குழாயின் ஒரு முனையில் மிகுந்த அழுத்தத்தில் அடைத்த காற்றுக் கலன்களும், மறு முனையில் காற்றையெல்லாம் உறிஞ்சி வெறுமையாக்கிய மாபெரும் கலன்களும் வேண்டும். முன்னின்று ஒருவன் தள்ள, பின்னின்று ஒருவன் இழுப்பது போன்ற ஏற்பாடு இது.

இவ்வாறு காற்றை இடைவிடாது ஓட்டுவதற்கு வேண்டிய மின்சாரத்தைக் கருதின் தலை சுற்றும். எனவே அறிஞர் நம் உழவர் அறிந்த முறையையே மேற்கொண்டனர். கண்மாயில் பல நாள் சிறுகச் சிறுகச் சேர்ந்த நீர், மடையைத் திறந்ததும் ஒரே வீச்சாய்ப் பாய்கின்றது அன்றோ? அதுபோலப் பொறிகள் நெடுநேரம் இயங்கிக் காற்றை அடைத்துவைக்கும். பின்னர் அடைப்பைத் திறந்தால் சில நொடிகள் அல்லது சில பத்து நொடிகள் பெருவேகக் காற்று ஓடும். அச்சிறு பொழுதிற்குள் அளக்க வேண்டியவற்றையெல்லாம் அளந்துகொள்ள வேண்டும். நாட்கணக்கில் ஆயத்தம் செய்து நொடிக்கணக்கில் விடை பெறுவது இவ்வாராய்ச்சியின் இயல்பு.

நம் நாட்டில் இக்கலை வேரூன்றியதற்குச் சதீஷ் தவான் என்னும் பேரறிஞர் பெரிதும் காரணமாவார். அவர் 1920-ஆம் ஆண்டில் காசுமீரத்துச் சிறிநகரில் பிறந்து, அமெரிக்காவில் காற்றியக்கவியல் பயின்று, 1951-ஆம் ஆண்டில் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தில் பணியேற்றார். ஒலியை விஞ்சும் வேகமுடைய காற்றுச் சுரங்கத்தை நம் நாட்டில் முதன்முதலாக அமைத்தவர் அவரே. பெங்களூர்த் தேசிய விண்ணூர்தி ஆய்வகத்தில் 1967-ஆம் ஆண்டு 1.2 மீட்டர் அளவுள்ள பெரிய சுரங்கம் செயற்படத் தொடங்கிற்று. ஒலியைப் போல நான்கு மடங்கு வேகம் வரை அதில் சோதிக்கலாம். தவான் 1972-ஆம் ஆண்டில் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைமையை ஏற்று, 1984 வரை அதனை நடத்தினார். 2002-இல் அவர் மறைந்த பின்னர்ச் சிறீஅரிகோட்டா ஏவுதளத்திற்கு அவர் பெயரே இடப்பெற்றது.

ஹைப்பர்சானிக் வேகத்திற்கு உரிய பெருஞ்சுரங்கம் நமக்கு மிகத் தொலைவில் இல்லை. இராசபாளையத்திலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாக மலையைக் கடந்து தென்மேற்கே சென்றால் கேரளத்தின் தலைநகராகிய திருவனந்தபுரத்தை அடையலாம். 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் நம் நாட்டு மண்ணிலிருந்து முதல் ஆராய்ச்சி ராக்கெட் எழுந்த தும்பா அங்கேதான் உள்ளது. அங்குள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில், 2017-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள், ஒரு மீட்டர் அளவுள்ள ஹைப்பர்சானிக் காற்றுச் சுரங்கமும், அதே அளவுள்ள அதிர்ச்சிச் சுரங்கமும் தொடங்கிவைக்கப்பெற்றன. அவ்விடத்திற்கும் சதீஷ் தவானின் பெயரையே சூட்டினர். ஒலியைப் போல ஆறு முதல் பன்னிரண்டு மடங்கு வரையுள்ள வேகத்தை அங்கே உண்டாக்கலாம். ஐதராபாத்தில் பாதுகாப்புத் துறையினர் அமைத்த மற்றொரு சுரங்கம் 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 19-இல் திறக்கப்பெற்றது.

சோதனை நடைபெறும் முறையைச் சிறிது காண்போம். கலத்தின் வடிவத்தை அப்படியே சிறிதாக்கி உலோகத்தில் ஒரு மாதிரி செய்வர். அதனைப் பின்புறமாக ஒரு கம்பியில் பொருத்திக் காற்றோட்டத்தின் நடுவே நிறுத்துவர். அக்கம்பியினுள் இருக்கும் நுண்ணிய தராசு, காற்று அம்மாதிரியை எவ்வளவு தள்ளுகின்றது, எவ்வளவு தூக்குகின்றது, எப்பக்கம் திருப்புகின்றது என்பவற்றைக் காட்டும். மாதிரியின் உடலில் ஊசித்துளைகள் இட்டு, ஆங்காங்கே உள்ள அழுத்தத்தையும் அளப்பர். தலை குப்புறக் கவிழும் கலம் தன் கவசத்தைப் பின்னுக்குக் காட்டிவிட்டுக் காப்பற்ற பகுதியை நெருப்பின் எதிரே நீட்டும். ஆகவே, சாய்ந்தாலும் தானே நேராகும் வடிவமா என்பது உயிரைப் பற்றிய வினாவாகும்.

காற்றைக் கண்ணால் காண இயலுமோ என்று நீங்கள் கேட்கலாம். கோடைக்கால நண்பகலில் தார்ச்சாலையின் மேல் காற்று நெளிந்து நடுங்குவது போலத் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதனால் தோன்றும் காட்சி அது. இதே முறையில், கண்ணாடிச் சாளரத்தின் வழியே ஒளியைச் செலுத்தி, ஆடிகளின் துணையால் காற்றின் செறிவு வேறுபாடுகளைப் படமாக எடுக்கின்றனர். அப்படங்களில் மாதிரியின் முன்னே வில் போல வளைந்த ஒரு கோடு தெளிவாய்த் தெரியும். அமைதியாய் வந்த காற்று திடீரென்று நெருக்குண்டு வெம்மை அடையும் எல்லையே அக்கோடு. அதற்கு அதிர்ச்சி அலை என்று பெயர். ஆற்றுப் பாலத்தின் தூண் எதிரே வெள்ளம் குவிந்து எழுந்து இருபுறமும் பிரிவதை ஒப்பாகக் கூறலாம்.

இவ்வலையைப் பற்றிய ஆராய்ச்சியிலே தான் எவரும் எதிர்பாராத ஓர் உண்மை வெளிப்பட்டது. விரைந்து செல்வதற்குக் கூர்மையான முனையே ஏற்றது என்பது யாவர்க்கும் தோன்றும் எண்ணம். அம்பும் வேலும் கூரியன அல்லவா? 1950-களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் ஏம்ஸ் ஆய்வகத்து ஜூலியன் ஆலன் என்பவர் இதற்கு மாறான முடிவைக் கண்டார். கூரிய முனையில் அதிர்ச்சி அலை உடலை ஒட்டியே நிற்பதால், வெப்பம் உடலைத் தாக்கி முனையை உருக்கிவிடும். மழுங்கிய முகத்திலோ அவ்வலை சற்று விலகி முன்னே நிற்கும். வெப்பத்தின் பெரும்பகுதி காற்றோடு கலந்து பக்கங்களில் ஒழுகிப் போய்விடும். அணுகுண்டு தாங்கும் ஏவுகணைக்காகக் கண்ட உண்மையாதலால் அதனைச் சில ஆண்டுகள் மறைத்தே வைத்திருந்தனர். பகைவரை அழிக்கும் கருவிக்கெனத் தோன்றிய அவ்வறிவே, பின்னாளில் விண்வெளி வீரரை உயிரோடு இறக்குவதற்கும் பயன்பட்டது. விண்ணிலிருந்து மீளும் கலங்கள் பம்பரம் போலவோ கவிழ்த்த கிண்ணம் போலவோ அகன்ற அடியோடு விளங்குவதன் காரணம் இதுவே.

இதுவரை கூறிய சுரங்கத்தில் வேகத்தின் மடங்கு கிடைக்கின்றது. வெப்பம் முழுவதும் கிடைப்பதில்லை. குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகமும் குறைவு. ஆதலால் அங்கே பன்னிரண்டு மடங்கு என்பது விண்ணிலிருந்து வரும் கலத்தின் உண்மையான வேகத்திற்கு மிகவும் கீழ்ப்பட்டதே. உண்மை வெப்பத்தை நாடுவோர் அதிர்ச்சிச் சுரங்கத்தை நாட வேண்டும். நீண்ட குழாய் ஒன்றை மெல்லிய உலோகத் தகட்டினால் இரண்டு அறைகளாகத் தடுப்பர். ஓர் அறையில் ஹீலியம் போன்ற இலேசான வாயுவை மிகுந்த அழுத்தத்தில் அடைப்பர். மற்றதில் சோதனைக்குரிய காற்றைக் குறைந்த அழுத்தத்தில் வைப்பர். அழுத்தம் ஏறித் தகடு கிழிந்ததும் அதிர்ச்சி அலை ஒன்று காற்றைத் தாக்கிக்கொண்டு விரையும். கடைச்சுவரில் மோதித் திரும்பும். இருமுறை தாக்குண்ட காற்று ஆயிரக்கணக்கான டிகிரி சூடேறிக் கூம்புக் குழாய் வழியே மாதிரியின் மேல் பாயும். இவையெல்லாம் முடிவதற்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரமே ஆகும். கண் இமைக்கும் நேரத்திற்குள் இத்தகைய சோதனைகள் பல நடந்து முடியலாம்! அந்நேரத்திற்குள் எந்த வெப்பமானியின் இரசம் ஏறும்? ஆதலால் கண்ணாடி போன்ற பொருளின் மேல் பிளாட்டினத்தை மிக மெல்லிய பூச்சாகப் பூசி, சூடேறும்போது அதன் மின்தடை மாறுவதைக் கொண்டு வெப்பத்தை அளக்கின்றனர். பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தில் 1970-களிலிருந்தே இத்தகைய சுரங்கங்களைக் கொண்டு ஆராய்ந்து வருகின்றனர்.

கான்பூரிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 24 மீட்டர் நீளமுள்ள விரிவுச் சுரங்கம் ஒன்று 2024-ஆம் ஆண்டில் வெற்றியோடு சோதிக்கப்பெற்றது. நொடிக்கு 3 முதல் 10 கிலோமீட்டர் வரையுள்ள வேகத்தை அஃது உண்டாக்கும். அஃதாவது, விண்ணிலிருந்து வரும் கலத்தின் உண்மை வேகத்தையே எட்டும். அதனுள் கனத்த உந்துதண்டு ஒன்று, ஆறரை மீட்டர் நீளமுள்ள குழாயில் நொடிக்கு 150 முதல் 200 மீட்டர் வேகத்தில் ஓடி வாயுவை அமுக்குகின்றது. அவ்வளவு வேகத்தில் ஓடும் தண்டைக் குழாயின் முடிவில் மோதி உடையாமல் மெல்ல நிறுத்துவதே எல்லாவற்றினும் கடினமாய் இருந்தது என்று அதனை அமைத்தோர் கூறினர். வடநாட்டுக் கழகம் ஒன்றில் உள்ள அப்பெரும் பொறிக்கு வழங்கும் செல்லப் பெயர் 'ஜிகர்தண்டா'! மதுரைக்குப் போய் வந்தோர் அச்சொல்லைப் படித்தவுடன் நாவில் குளிர்ச்சியை உணர்வர். அங்கே அப்பெயர் தாங்கி நிற்பது கொதிக்கும் காற்று.

இவை அல்லாமல், கவசப் பொருள் எவ்வளவு நேரம் எரிதலைத் தாங்கும் என்று அறிய, மின்பொறியால் காற்றை நெருப்பாக்கி நெடுநேரம் ஊதும் பிளாஸ்மாச் சுரங்கங்களும் உள்ளன.

இத்தனை சுரங்கங்கள் எதற்கு என்று கேட்பின், விடை இதுதான்: எந்த ஒரு சுரங்கமும் விண்வழி மீளுதலை முழுமையாய்க் காட்டவல்லதன்று. ஒன்று வேகத்தின் மடங்கைக் காட்டும், வெப்பத்தைக் காட்டாது. மற்றொன்று வெப்பத்தைக் காட்டும். ஆயின் ஒரு நொடியின் சிறு பங்கிற்கே காட்டும். வேறொன்று நெடுநேரம் எரிக்கும். ஆயின் அதில் வேகம் இராது. எல்லாவற்றிலும் மாதிரி சிறியது. உண்மைக் கலம் பெரியது. இந்தத் துண்டுகளைக் கணக்கின் துணையால் ஒன்றாகத் தைத்தே பொறியாளர் முழு உருவைக் காண்கின்றனர். தையல் எங்கே வலுவற்றது என்பதை மறவாதிருத்தலே அவர்தம் முதற்கடமை.

இதனை மறந்தால் நேருவது யாது என்பதற்குக் கொலம்பியா விண்ணோடத்தின் கதை சான்று. 2003-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் அது புறப்பட்டபோது, எரிபொருள் கலனின் மேலிருந்த நுரைப்பொருள் துண்டு ஒன்று பெயர்ந்து இடச்சிறகின் முன்விளிம்பைத் தாக்கியது. ஓடம் விண்ணில் இருக்கும்போதே பொறியாளர் அத்தாக்குதலைக் கணக்கிட்டுப் பார்த்தனர். அவர்கள் கையாண்ட கணக்குமுறையோ, மிகச் சிறிய துண்டுகளைக் கொண்டு செய்த சோதனைகளையே அடிப்படையாக உடையது. வீழ்ந்த துண்டு அவற்றினும் பன்னூறு மடங்கு பெரியது. ஓடத்திற்கு இடையூறு இல்லை என்று முடிவு கட்டினர். பிப்ரவரி 1-ஆம் நாள் ஓடம் காற்று மண்டலத்தில் நுழைந்தபோது, சிறகில் ஏற்பட்டிருந்த துளையின் வழியே வெங்காற்று உட்புகுந்து சிறகை உள்ளிருந்தே உருக்கியது. ஓடம் சிதறி, அதிலிருந்த எழுவரும் மாண்டனர். அவர்களுள் ஒருவர் நம் நாட்டின் அரியானாவில் கர்னால் நகரில் பிறந்த கல்பனா சாவ்லா. அவ்வாண்டு ஜூலைத் திங்களில், அதே அளவுள்ள நுரைத்துண்டை அதே வேகத்தில் சிறகின் விளிம்பின்மேல் எறிந்து சோதித்தனர். ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் அகலத் துளை விழுந்தது. சுற்றி நின்றோர் வாயடைத்துப் போயினர் என்பர். முன்னரே செய்திருக்க வேண்டிய சோதனை அது.

நம் நாட்டினர் இத்துறையில் படிப்படியாகவே அடியெடுத்து வைத்தனர். 2007-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள், 550 கிலோகிராம் எடையுள்ள ஆளில்லாக் கலம் ஒன்றை விண்ணுக்கு அனுப்பினர். மழுங்கிய முகமும், சிலிக்கா ஓடுகள் பதித்த உடலும் உடைய அக்கலம், பன்னிரண்டு நாட்கள் பூமியைச் சுற்றியபின், ஜனவரி 22-ஆம் நாள் எரி வாயிலைக் கடந்து வங்கக் கடலில் இறங்கி மிதந்தது. சுற்றுப்பாதையிலிருந்து நாம் மீட்ட முதற்கலம் அது. 2014-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள், மூவர் அமரத்தக்க அளவுள்ள, 3,775 கிலோகிராம் எடையுள்ள ஆளில்லாக் கூண்டு ஒன்றை 126 கிலோமீட்டர் உயரத்திற்கு ஏற்றிக் கீழே விட்டனர். சுரங்கங்களில் சிறு மாதிரியாய் நின்ற வடிவத்தை உண்மையான காற்று சோதித்த நாள் அது. பக்கமெல்லாம் கரிந்து, குடைகள் விரிந்து, அக்கூண்டு அந்தமான் தீவுகளுக்கு அருகே கடலில் வீழ்ந்தது. கடலோரக் காவற்படையினர் அதனைத் தேடி எடுத்துக் கப்பலேற்றிச் சென்னையை அடுத்த எண்ணூர்த் துறைமுகத்திற்குக் கொணர்ந்தனர். கவசம் எவ்விடத்தில் எவ்வளவு தேய்ந்தது, எவ்வளவு எஞ்சியது, உள்ளே வெப்பம் எதுவரை ஏறியது என்பவற்றை ஆராய்வதற்காக, கரிபடிந்த அக்கூண்டு பின்னர்த் திருவனந்தபுரத்திற்கு எடுத்துச் செல்லப்பெற்றது.